கலந்து முடியாத நட்சத்திரக் கூட்டம்

தன்னாமுனை, மத்திய கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்குச் சற்றுக் குறைவான அகலக்கோட்டில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் போனால் ஏறாவூருக்கு முன்னால் வருகிற வாவிக்கரை ஊர். வானம் பார்க்கிறவருக்கு அந்த எட்டுப் பாகை பெரிய கொடை. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்து நிற்கும். அதற்கு ஈடாகத் தென்வானம் ஏறக்குறைய முழுவதும் கண்ணுக்குக் கிடைக்கும். லண்டனிலும் பாரிசிலும் ஒருபோதும் உதிக்காத ஒரு பொருள் இங்கே 35 பாகை உயரம்வரை ஏறி நிற்கிறது. அதன் பெயர் ஒமேகா சென்டாரி. பால்வீதியைச் சுற்றிவரும் கோளக் கொத்துகளில் மிகப் பெரியதும் மிகப் பிரகாசமானதும் அதுதான். மிக விசித்திரமானதும் அதுவே என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தேடிப் பிடிப்பது சிரமமில்லை. மே மாதக் கடைசியில் இரவு 9 மணியளவில் தெற்கே முகம் வைத்து நில்லுங்கள். உயரத்தில், உச்சிக்குச் சற்றுத் தெற்கே நீலம் கலந்த வெள்ளையாக ஒளிர்வது சித்திரை நட்சத்திரம். அதிலிருந்து நேர் கீழே 36 பாகை இறங்க வேண்டும். கையை நீட்டி முட்டியை மடக்கினால் ஒரு முட்டி ஏறத்தாழ 10 பாகை. ஆக மூன்றரை முட்டி. தென்சிலுவை அப்போது அதற்கு வலப்புறம், இன்னும் தாழ்வாக நிற்கும். கச்சான் வீசத் தொடங்கிய காலம் என்பதால் மழைத் தொல்லை பெரிதாக இருக்காது. இடைஞ்சல் என்றால் தெற்கும் தென்கிழக்குமாக எழும்பும் நகரத்து வெளிச்சம்தான். வெறுங்கண்ணுக்கு ஒமேகா சென்டாரி ஒரு மங்கலான நட்சத்திரம். ஆனால் பக்கத்து நட்சத்திரங்களைப் போல் கூர்மையாக இல்லாமல் சற்று ஊறிப் பருத்தது போலத் தெரியும். சாதாரணப் பைனாகுலரில் அது நிலவின் அகலத்துக்கு ஒரு வட்டமான வெண்திட்டாக விரியும். ஆறு அங்குலத் தொலைகாட்டி கிடைத்தால் திட்டின் ஓரம் பொடிப்பொடியாக உடையும். நடுப்பகுதி மட்டும் உடையாமல் ஒளியாகவே நிற்கும்.

அந்தப் பொடி ஒவ்வொன்றும் ஒரு சூரியன். அங்கே ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள், குறுக்களவு 150 ஒளியாண்டுக்குள் அடங்கியிருக்கின்றன. தூரம் 17,000 ஒளியாண்டுக்கு மேல். நம் சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள நட்சத்திரம் 4.2 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஒமேகா சென்டாரியின் நடுவிலோ அயல்வீட்டுச் சூரியன் ஒளியாண்டில் பத்திலொரு பங்குத் தூரத்தில் நிற்கும். சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு; இந்தக் கூட்டத்துக்கு 1,200 கோடி. இத்தனை நெருக்கத்தில், இத்தனை காலம் ஒன்றாகக் கிடந்த கூட்டம் இதற்குள் கலந்து ஒரே சீராகிப் போயிருக்க வேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படி ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்குரிய விஷயம். அதற்கு விடை தேடிய வழியில் நம் பக்கத்து ஆட்கள் சிலர் வருகிறார்கள்.

முதலில் கோளக் கொத்து என்ற இனத்தைப் பற்றிக் கொஞ்சம். பால்வீதி தட்டையான தட்டு வடிவம் கொண்டது. நாம் அந்தத் தட்டுக்குள் இருக்கிறோம். கோளக் கொத்துகள் அதற்குள் அடங்காதவை. தட்டுக்கு மேலும் கீழுமாகப் பல திசைகளிலிருந்தும் நீண்ட பாதைகளில் வந்து மையத்தைச் சுற்றிப் போகின்றன. இதுவரை 150க்கு மேற்பட்டவை தெரியவந்துள்ளன. அந்திரொமிடா பேரடைக்கு ஏறத்தாழ 500 உண்டு. கன்னிக் கூட்டத்தின் நடுவிலுள்ள எம்87 என்ற பெரும் பேரடைக்குப் பத்தாயிரத்துக்கு மேல். பெரும்பாலானவை 1,100 முதல் 1,300 கோடி ஆண்டு வயதானவை. பேரடைகள் உருவாகிய காலத்திலேயே உருவாகி, அவற்றோடு கூடவே வந்தவை என்று சொல்லலாம்.

ஒமேகா சென்டாரியைத் தொலெமி தன் பட்டியலில் ஒரு நட்சத்திரமாகச் சேர்த்தார். 1603இல் ஜொஹான் பேயரும் அதை நட்சத்திரமாக எண்ணியே ஒமேகா என்ற கிரேக்க எழுத்தைக் கொடுத்தார். அது நட்சத்திரமல்ல என்று முதலில் கண்டவர் எட்மண்ட் ஹேலி. 1677இல் தென் அத்திலாந்திக்கில் சென் ஹெலீனாத் தீவிலிருந்து தென்வானத்தை அளந்துகொண்டிருந்தபோது கண்டார். அது நட்சத்திரங்களால் ஆன உருண்டை என்று 1826இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வேலை செய்த ஜேம்ஸ் டன்லொப் எழுதினார். 1830களில் ஜோன் ஹெர்ஷல் நன்னம்பிக்கை முனையில் பெரிய தொலைகாட்டியை நிறுவி அதைத் தெளிவாக வரைந்தார். தெற்கே இறங்கி வந்தவர்களுக்கே இது கிடைத்தது. 1689இல் புதுச்சேரியில் இருந்த இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ, ஒரு வால்வெள்ளியைப் பார்க்கும்போது, இதே உடுத்தொகுதியின் தலை நட்சத்திரமான ஆல்பா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு என்று கண்டுபிடித்தார். ஒமேகாவும் அதே வானத்தில்தான் இருந்தது. நம் கிழக்குக் கரையிலும் நல்ல தொலைகாட்டி இருந்ததுண்டு. கொழும்பில் பிறந்த பேர்சி மோல்ஸ்வேர்த் என்ற பிரித்தானியப் படை அதிகாரி, திருகோணமலையில் இருந்தபடி வியாழனை இரவிரவாகப் பார்த்து வரைந்து, 1901இல் அதன் தென்பகுதியில் எழுந்த பெரிய குழப்பமொன்றை முதலில் அறிவித்தார். அவருடைய நாட்டம் கோள்களோடு. கொத்துகளை அவர் தேடிப் போகவில்லை என்று குறை சொல்ல முடியாது. அக்காலத்தில் அவை அழகான திட்டுகள், அவ்வளவுதான்.

அந்த அழகான திட்டுகளில் ஒன்று 1860ஆம் ஆண்டு மே மாதம் திடீரென்று உருமாறியது. விருச்சிகத்தில் அனுஷத்துக்கும் கேட்டைக்கும் இடையில் எம்80 என்ற கோளக் கொத்து இருக்கிறது. மே 21ஆம் திகதி கோனிக்ஸ்பேர்க்கில் ஆர்தர் ஔவர்ஸ் பார்த்தபோது, அதன் நடுவில் முன்பு இல்லாத ஒரு நட்சத்திரம் முழுக் கொத்தையும் மிஞ்சி ஒளிர்ந்தது. ஒரு வாரம் கழித்து, இதை அறியாமலே, இங்கிலாந்தில் ஹார்ட்வெல் வானாய்வகத்தில் இருந்த நோர்மன் பொக்சனும் அதைக் கண்டார். மே 9ஆம் திகதி அதே கொத்தைப் பார்த்திருந்தார். அப்போது எந்த மாற்றமும் இல்லை. ஜூன் 10ஆம் திகதி வாக்கில் நட்சத்திரம் மறைந்து பழைய மங்கலான உருண்டையே திரும்பி வந்தது. கோளக் கொத்துக்குள் வெடித்த நோவா ஒன்றை மனிதர் கண்டது அதுவே முதல் தடவை. இரண்டாவதைக் கண்டுபிடிக்க நூறாண்டு பிடித்தது: 1938இல் எம்14இல் வெடித்த நோவா, 1964இல் ஹெலன் சோயர் ஹொக் எடுத்த பழைய ஒளிப்படத் தகடுகளை அமெலியா வெஹ்லாவ் புரட்டியபோதுதான் வெளிப்பட்டது.

பொக்சன் அடுத்த ஆண்டே சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் அரசாங்க வானியலாளராக 1891இல் இறக்கும்வரை இருந்தார். ஹார்ட்வெல்லில் எம்80 அடிவானத்துக்கு மேல் 15 பாகைதான் எழும். சென்னையில் 54 பாகை எழும், தன்னாமுனையில் அதைவிட இன்னும் ஐந்து பாகை. சென்னையில் அவருக்கு உதவியாக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஒளி மாறும் நட்சத்திரமொன்றை 1867இல் கண்டறிந்தவர். பொக்சனின் பெயரை இன்று நிலைநிறுத்துவது இந்த நோவா அல்ல, 1856இல் அவர் வகுத்த ஒளியளவுக் கணக்கு: ஐந்து படி வித்தியாசம் நூறு மடங்கு ஒளி, ஒரு படி 2.512 மடங்கு. வானியலாளர் ஒருவர் அரைப்படி மங்கல் என்று சொன்னால் இந்தக் கணக்கில்தான் சொல்கிறார்.

எம்80 நோவா எழுப்பிய ஐயம் முக்கியமானது. என்றென்றைக்கும் மாறாது என்று தோன்றிய உருண்டைக்குள் எதுவோ நடக்கிறது. நோவா என்பது வெண்குறுமீன் ஒன்று, அதாவது எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் எச்சம், தன் துணை நட்சத்திரத்திடமிருந்து வாயுவை இழுத்துச் சேர்த்து வெடிப்பது. துணை வேண்டும்; துணைகள் சேருவதும் பிரிவதும் கூட்டத்தின் நெருக்கத்தைப் பொறுத்தது. 1860இல் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. 1918இல் ஹார்லோ ஷாப்லி கோளக் கொத்துகள் தனுசு ராசிப் பக்கமாகக் குவிந்திருப்பதைக் கண்டு, பால்வீதியின் மையம் அங்கேதான், சூரியன் ஓரத்தில்தான் என்று நிறுவியபோதும் கொத்துகள் அவருக்கு வெறும் மைல்கற்களே. உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கணக்கால் திறந்தவர்களில் முதன்மையானவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் போன சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் என்றதும் எல்லோரும் சொல்வது 1930இல் கப்பலில் போகும்போது வெண்குறுமீனின் திணிவுக்குக் கண்ட எல்லையைத்தான். அதற்குத்தான் 1983இல் நோபல் பரிசு வந்தது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. அதோடு நட்சத்திரங்களின் அமைப்பும் பரிணாமமும் பற்றிய மற்ற ஆய்வுகளுக்கும் சேர்த்தே அது கொடுக்கப்பட்டது. ஒரு துறையை எடுத்து அதற்குள் மூழ்கி, ஒரு நூலை எழுதி முடித்து, அடுத்த துறைக்குப் போய்விடுவது அவர் பழக்கம். 1930களின் இறுதியில் அவர் எடுத்தது, நட்சத்திரக் கூட்டங்கள் எப்படி அசைகின்றன என்ற கேள்வி. நூல் 1942இல் வந்தது. ஆனால் என் பார்வையில் அதைவிடக் கனமானவை 1943இல் அவர் வெளியிட்ட மூன்று கட்டுரைகள். அவற்றின் தலைப்பு இயக்க உராய்வு. இரண்டாவது கட்டுரை கொத்துகளிலிருந்து நட்சத்திரங்கள் தப்பிப்போகும் வீதத்தைப் பற்றியது.

அவர் பிடித்த சிக்கல் இதுதான். கொத்துக்குள் நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டுவது மிக அரிது. ஒவ்வொன்றும் முழுக் கூட்டத்தின் மொத்த ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டுத் தன் பாதையில் போகிறது. அதோடு, போகிற வழியில் அண்மையில் வருகிற ஒவ்வொரு நட்சத்திரமும் அதை ஒரு பக்கமாகச் சற்று இழுக்கிறது. ஒரு இழுப்பு மிகச் சிறியது, திசையும் ஒழுங்கில்லாதது. கோடிக்கணக்கான இழுப்புகள் சேர்ந்தால் நட்சத்திரம் தொடக்கத்தில் எந்தத் திசையில் எந்த வேகத்தில் போனது என்பதே அழிந்துபோகும். அப்படி அழிவதற்கு எடுக்கும் காலத்தைத் தளர்வுக் காலம் என்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை. ஒழுங்கற்ற உதைப்புகள் மட்டுமே இருந்தால் நட்சத்திரங்களின் சராசரி வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும். கூடக்கூட எல்லாம் தப்பியோடும் வேகத்தை எட்டிக் கொத்து சீக்கிரமே கலைந்துவிடும். வானத்தில் அப்படி நடக்கவில்லை. ஆகவே வேகத்தைக் குறைக்கிற ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று அவர் வாதிட்டார். நீரில் மிதக்கும் நுண்துகளை மூலக்கூறுகள் உதைக்கவும் செய்கின்றன, தடுக்கவும் செய்கின்றன; இரண்டும் சமப்படுவதால்தான் துகளின் வேகம் எல்லையில் நிற்கிறது. அந்தக் கணிதத்தை அதே ஆண்டு நீண்ட ஆய்வுரையாகவும் எழுதியிருந்தார்.

தடுப்பது எது? கனமான நட்சத்திரம் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து போகிறது. வழியிலுள்ள சிறிய நட்சத்திரங்களை அது தன் பக்கம் இழுக்கிறது. அவை வந்து சேருவதற்குள் கனமானது முன்னால் போய்விடும். ஆகவே அவை அதன் பின்னால் நெருக்கமாகக் கூடுகின்றன. பின்னால் கூடிய அந்த மிகைத் திணிவு கனமான நட்சத்திரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. வாவியில் தோணி போகும்போது பின்னால் எழும் அலையைப் போல என்று சொல்லத் தோன்றும், ஆனால் ஒப்பீடு பாதி வழியில் நின்றுவிடும். தோணி நீரைத் தொட்டுத் தள்ளிப் போகிறது, இங்கே தொடுகையே இல்லை. தோணியில் பாரம் ஏற்றினால் அதை நிறுத்துவது கடினம், இங்கே திணிவு கூடக்கூடத் தடை அதைவிட வேகமாகக் கூடுகிறது. பத்து மடங்கு கனமான நட்சத்திரம் பத்து மடங்கு சீக்கிரம் வேகமிழக்கும். அதன் விளைவாகக் கனமானவை மையத்துக்கு அமிழ்கின்றன. அவை இழந்த சக்தியைப் பெற்ற இலேசானவை வெளியே நகர்கின்றன. அவற்றில் மிக வேகமானவை கொத்தை விட்டே போய்விடுகின்றன.

அப்படிப் போனவற்றை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். 2001இல் பலோமர் 5 என்ற இளைத்துப்போன கொத்திலிருந்து முன்னும் பின்னுமாக நட்சத்திரங்கள் நீண்ட வாலாகச் சிந்திக் கிடப்பது தெரியவந்தது. கொத்துகள் ஒழுகுகின்றன, வயது போகப்போக மெலிகின்றன. பால்வீதியில் இன்றிருப்பவை தப்பிப் பிழைத்த மிச்சம்.

ஒழுகுவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, கேட்டால் நம்ப முடியாததாக இருக்கும். சக்தியை இழக்கும் பொருள் குளிர வேண்டும் என்பதுதான் அடுப்படி அனுபவம். தன் ஈர்ப்பால் பிணைந்த கூட்டமோ சக்தியை இழந்தால் சுருங்கும். சுருங்கினால் நட்சத்திரங்கள் இன்னும் வேகமாக ஓடும். அதாவது, இழக்க இழக்கச் சூடாகும். நடுப்பகுதி வெளிப்பகுதிக்குச் சக்தியைக் கொடுத்துச் சூடாகி, சூடானதால் இன்னும் கொடுத்து, இன்னும் சுருங்கும். 1962இல் அன்றோனொவ் லெனின்கிராட்டிலும், 1968இல் டொனால்ட் லிண்டன் பெல்லும் ரொஜர் வூட்டும் இங்கிலாந்திலும் இதற்கு முடிவில்லை என்று காட்டினார்கள். நம் பால்வீதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு கொத்தின் மையம் இவ்வாறு இடிந்து குவிந்திருக்கிறது. முழுதாக இடியாமல் காப்பவை இரட்டை நட்சத்திரங்கள். நெருங்கிய இரட்டை ஒன்றுக்குள் மூன்றாவது வந்து புகுந்தால் பெரும்பாலும் இலேசானது வெளியே தள்ளப்பட்டுக் கனமானது அந்த இடத்தைப் பிடிக்கும், இரட்டை இறுகும், விடுபட்ட சக்தி மையத்தைத் தாங்கிப் பிடிக்கும்.

துணை மாறுகிற இந்தக் கதைக்கு நல்ல சாட்சி பூனேக்கு அருகே கிடைத்தது. அங்கே நாராயண்காவில் கோவிந்த் ஸ்வரூப் முன்னின்று கட்டிய ராட்சத மீற்றரலை வானொலித் தொலைகாட்டி இருக்கிறது. அதைக்கொண்டு யஷ்வந்த் குப்தா உள்ளிட்ட நால்வர் என்ஜிசி 1851 என்ற கோளக் கொத்தில் ஒரு பல்சாரைக் கண்டுபிடித்து 2004இல் அறிவித்தார்கள். ஒரு சுழற்சிக்கு 5 மில்லிசெக்கன் மட்டும் எடுக்கும் நியூத்திரன் நட்சத்திரம் அது. இவ்வளவு வேகமாகச் சுழல வைப்பது துணையிடமிருந்து வந்து விழும் வாயு. அந்த வேலை முடியும்போது சுற்றுப்பாதை வட்டமாகிவிடும். இதன் பாதையோ அளவுக்கு மீறி நீண்டது; 18.8 நாளில் ஒரு சுற்று, மையப்பிறழ்வு 0.888. சுழல வைத்த துணை வேறு, இப்போது கூட இருக்கிற துணை வேறு என்றால்தான் கணக்கு சரிவரும். அதே கொத்தில் தென்னாபிரிக்காவின் மீர்காட் தொலைகாட்டி கண்ட இன்னொரு பல்சாரின் துணை, சூரியனைவிட 2.09 முதல் 2.71 மடங்கு திணிவுள்ளது என்று 2024 ஜனவரியில் வெளியானது. இதுவரை கண்ட மிகக் கனமான நியூத்திரன் நட்சத்திரமா, மிக இலேசான கருந்துளையா, இரண்டும் சாத்தியம்.

இனித் தளர்வுக் காலத்துக்குத் திரும்பலாம். ஒமேகா சென்டாரியின் மர்மம் அங்கேதான். கூட்டம் பெரிதாகப் பெரிதாக மொத்த ஈர்ப்பு சீராகிறது. அயலவர் ஒருவரின் தனி இழுப்பு அதில் கரைந்துபோகிறது. ஆகவே பெரிய கொத்து மெதுவாகக் கலக்கும், சின்னக் கொத்து வேகமாகக் கலக்கும். கனடிய வானியலாளர் வில்லியம் ஹாரிஸ் தொகுத்த பட்டியலைப் பாருங்கள். நமக்கு அண்மையிலுள்ள, மையம் இடிந்த என்ஜிசி 6397க்குத் தளர்வுக் காலம் ஏறத்தாழ 40 கோடி ஆண்டு. அது பிறந்த நாளிலிருந்து முப்பது தடவை கலந்துவிட்டது. ஒமேகா சென்டாரிக்கோ மையத்தில் 400 கோடி. திணிவின் பாதி அடங்கும் தூரத்தில் 1,200 கோடி. அதாவது அதன் வயது அளவுக்கே. ஒரு தடவை கலக்கவே அதற்கு நேரம் போதவில்லை.

அதனால்தான் அது தன் பிறப்பின் அடையாளங்களை அழிக்காமல் வைத்திருக்கிறது. ஒரே வாயு முகிலிலிருந்து ஒரே நேரத்தில் பிறந்த நட்சத்திரங்கள் ஒரே மாதிரியான சேர்மானம் கொண்டிருக்க வேண்டும். ஒமேகாவின் செம்பூதங்கள் நிறத்தில் அளவுக்கு மீறிப் பரந்திருப்பதை 1966இல் ரிச்சர்ட் வூலி கண்டார். 1975இல் ஃப்ரீமனும் ரொஜர்ஸும் கொத்தின் நட்சத்திரங்களுக்கு நிறமாலை எடுத்து, அவற்றின் உலோக அளவே ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது என்று உறுதி செய்தார்கள். 2004இல் ஹபிள் தொலைகாட்டியின் படங்களில் சாதாரண நட்சத்திரங்களின் வரிசையே இரண்டாகப் பிளந்திருந்தது. அதைவிட வியப்பு, அதிக உலோகமுள்ள வரிசை சிவப்பாக இருப்பதற்குப் பதிலாக நீலமாக இருந்தது. ஈலியம் மிகுந்திருந்தால் மட்டுமே அப்படியாகும். ஒரு தலைமுறை நட்சத்திரங்கள் எரிந்து கக்கிய ஈலியத்தை எடுத்து அடுத்த தலைமுறை பிறந்திருக்கிறது.

இந்த இடத்தில் பெங்களூர் வருகிறது. அங்குள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் கட்டிய புறஊதாத் தொலைகாட்டி, 2015 செப்டெம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் செய்மதியோடு மேலே போனது. அது ஒரே தடவையில் முழுநிலவின் அகலத்துக்கு வானத்தைப் பிடிக்கும். ஒமேகா சென்டாரிக்குத் தைத்த சட்டை என்றே சொல்லலாம். புறஊதாவில் பார்ப்பதன் பயன் என்னவென்றால், கூட்டத்தை நிறைத்துக் கண்ணை மறைக்கும் குளிர்ந்த செந்நட்சத்திரங்கள் அங்கே இல்லாமலே போய்விடும். மிகச் சூடானவை மட்டும் தனித்தனியாக எஞ்சும்: வயதுபோய் வெளியுறையை இழந்து மையத்தில் ஈலியத்தை எரிக்கும் நட்சத்திரங்களும், எரிந்து முடிந்த வெண்குறுமீன்களும். தீப்தி பிரபுவும் நிறுவனத்தின் அப்போதைய இயக்குநர் அன்னபூரணி சுப்ரமணியமும் மற்றவர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சூடான நட்சத்திரங்கள் கோட்பாடு எதிர்பார்ப்பதைவிட அரைப்படி மங்கலாக இருந்தன. பொக்சனின் கணக்கில் ஏறத்தாழ 1.6 மடங்கு. எம்13 என்ற இன்னொரு பெரிய கொத்தின் அதே வகை நட்சத்திரங்களைவிடவும் மங்கல். இதை விளக்குவதற்குக் குறைந்தது ஐந்து உப கூட்டங்கள் தேவைப்பட்டன. அவற்றில் மூன்று ஈலியம் மிகுந்தவை. ஒன்றில் ஈலியத்தின் பங்கு 43 சதவீதம்வரை போகிறது. பிரபஞ்சம் தொடங்கியபோது ஈலியத்தின் பங்கு கால்வாசியளவுதான். ஈலியம் மிகுந்த இளைய கூட்டங்கள் மையத்தை நோக்கி நெருங்கியும், பழையவை பரந்தும் கிடக்கின்றன. கலந்து முடிந்த கொத்தாக இருந்தால் இந்த வித்தியாசம் அழிந்திருக்கும். 1943ஆம் ஆண்டுக் கணக்கு வைத்த கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை நம்மவர்கள் புறஊதாவில் படம் பிடித்திருக்கிறார்கள் என்று நான் இதைப் படிக்கிறேன்.

வாயுவைப் பிடித்து வைத்து மீண்டும் மீண்டும் நட்சத்திரம் பிறப்பிக்கும் வலிமை சாதாரணக் கொத்துக்குக் கிடையாது. அது பேரடைக்குரிய வேலை. ஒமேகா சென்டாரி பால்வீதி சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. கயா செய்மதி அளந்த நட்சத்திர அசைவுகளை வைத்து, அதிலிருந்து உரிந்துபோன நீண்ட நட்சத்திர ஓடையொன்றையும் 2019இல் ரொட்ரிகோ இபாடாவின் குழு அடையாளம் கண்டது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த பலர் சொல்வது: இது கொத்தே அல்ல, பால்வீதி முன்னொரு காலத்தில் விழுங்கிய சிறு பேரடையொன்றின் நெஞ்சுப் பகுதி. உடல் கரைந்து நெஞ்சு மிஞ்சியது. விழுங்கும் வேலை பாதியில் நிற்கும் இன்னொரு காட்சியும் உண்டு. 1994இல் கண்டறியப்பட்ட தனுசுக் குறும்பேரடை இப்போதும் கிழிந்துகொண்டிருக்கிறது. அதன் நடுவில் இருப்பது எம்54 என்ற கோளக் கொத்து.

பேரடையின் நெஞ்சென்றால் கருந்துளை இருக்க வேண்டுமே என்ற எதிர்பார்ப்பு இயல்பு. 2024 ஜூலையில் ஹைடெல்பேர்க் மக்ஸ் பிளாங் நிறுவனத்தின் மக்சிமிலியன் ஹேபர்லேயும் குழுவினரும், ஹபிள் இருபது ஆண்டுகளில் எடுத்த 500க்கு மேற்பட்ட படங்களிலிருந்து 14 இலட்சம் நட்சத்திரங்களின் அசைவை அளந்து வெளியிட்டார்கள். மையத்தின் மிக அண்மையில் ஏழு நட்சத்திரங்கள், கொத்தை விட்டே பறந்துபோக வேண்டிய வேகத்தில் ஓடுகின்றன. ஆனாலும் அங்கேயே இருக்கின்றன. அவற்றைக் கட்டி வைக்க, சூரியனைப்போல் குறைந்தது 8,200 மடங்கு திணிவுள்ள கருந்துளை வேண்டும் என்பது அவர்கள் முடிவு. நட்சத்திரங்கள் இறந்து உருவாகும் சிறு கருந்துளைகளுக்கும் பேரடை மையங்களின் இராட்சதக் கருந்துளைகளுக்கும் இடையில், நெடுங்காலம் தேடியும் பிடிபடாமல் இருந்த நடுத்தர இனம் இது.

வழக்கு இதோடு முடியவில்லை. ஒமேகா சென்டாரியில் 2020 முதல் பார்க்ஸ், மீர்காட் தொலைகாட்டிகள் கண்டுபிடித்த பல்சார்கள் பதினெட்டு. பல்சாரின் துடிப்பு மிகச் சீரானது. ஈர்ப்பு அதை இழுத்தால் துடிப்பின் இடைவெளி மாறி அந்த இழுப்பைக் காட்டிக்கொடுக்கும். அந்த அளவீட்டையும் நட்சத்திர வேகங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட இன்னொரு குழு, மையத்தில் ஒற்றைக் கருந்துளை இருந்தாலும் அது 6,000 சூரியத் திணிவுக்கு மேல் இராது என்கிறது. அதற்குப் பதில் அவர்கள் முன்வைப்பது இறந்த நட்சத்திரங்களின் கூட்டம்: சிறு கருந்துளைகளும் நியூத்திரன் நட்சத்திரங்களும் வெண்குறுமீன்களும் மையத்தில் பரந்து கிடப்பது. அதை அங்கே கொண்டுசேர்க்கக்கூடியது சந்திரசேகரின் உராய்வேதான். இலேசான நட்சத்திரங்கள் கலந்து முடிக்க நேரம் போதவில்லை என்றாலும், பத்து இருபது மடங்கு கனமான சிறு கருந்துளைகள் அமிழ்வதற்கு 1,200 கோடி ஆண்டு தாராளம்.

ஒருவர் குறைந்தது 8,200 என்கிறார், மற்றவர் கூடியது 6,000 என்கிறார்; இரண்டும் ஒன்றையொன்று முட்டுகின்றன. ஏழு நட்சத்திரங்களின் வேகத்தை இதுவரை வானத்தில் பக்கவாட்டாகத்தான் அளந்திருக்கிறார்கள். அவை நம்மை நோக்கி வருகின்றனவா விலகுகின்றனவா என்பதையும் ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியால் அளக்க ஹேபர்லேயின் குழு முயல்கிறது. ஒன்றின் பாதையாவது நேர்கோட்டிலிருந்து வளைவது பிடிபட்டால் அந்த வளைவிலிருந்தே மையத்தின் திணிவை நேராகக் கணக்கிட்டுவிடலாம். பரந்த கூட்டம் என்றால் வளைவு குறைவாக இருக்கும், ஒற்றைக் கருந்துளை என்றால் மையத்துக்கு நெருங்க நெருங்கச் சடுதியாகக் கூடும்.